தோட்டத்துப் பிள்ளை மருத்துவத் துறையில் டேட்டா சயின்ஸ் பக்கம் போக எங்கே தொடங்குவது?

எஸ்.டி.பி.எம். (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீடு பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடப் போகிறார். மருத்துவமனைத் தரவுகளோடு வேலை செய்ய ஆசை. டேட்டா சயின்ஸ் (தரவுகளை அலசி விடை தேடும் துறை) என்றே பெயர் போட்ட பட்டம் வேண்டுமா, இப்போதே எதைக் கற்றுக்கொள்ளலாம் என்பது கேள்வி.

நானும் அதே ஊர்தான். அப்பா பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக்கு மாறினார். நான் புள்ளியியல் படித்தேன். நோயாளிப் பதிவுகளை அலசும் வேலையில் இது எட்டாவது வருஷம். அக்கா சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டத்தின் பெயருக்காக அலைய வேண்டாம். புள்ளியியல், கணினி அறிவியல், டேட்டா சயின்ஸ் எது கிடைத்தாலும் சரி. என்னைக் கேட்டால் புள்ளியியல் என்பேன். பைத்தான் என்ற நிரல்மொழியையும், தரவுத்தளத்திலிருந்து தரவு எடுக்கும் எஸ்.க்யூ.எல்.லையும் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பழகிவிடலாம். தரவை வைத்துச் செய்யும் ஒரு கணிப்பு ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்பதைக் கற்க, உங்கள் விடைத்தாளில் சிவப்பு மையால் கோடு போட ஒருவர் வேண்டும். பணம் பற்றி ஒன்று: பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடனில் இளங்கலை படித்து முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, விண்ணப்பித்துத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குப் பெற வழி உண்டு; இப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இரண்டாம் வகுப்பு. இன்னும் மாதாமாதம் கட்டுகிறேன்.

இனி என் அவமானக் கதை. இரண்டாம் ஆண்டில் இணையத்தில் 'பிமா இந்தியன்ஸ்' என்ற நீரிழிவுத் தரவைப் பார்த்தேன். 768 பேர். நம்ம ஆட்களின் இனிப்பு நீரைப் பற்றி யாரோ ஆராய்ச்சி செய்து வைத்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போய், அதை வைத்தே புரொஜெக்ட் செய்தேன். பிமா என்பவர்கள் அமெரிக்காவின் அரிசோனாப் பழங்குடியினர். அந்த 768 பேரும் குறைந்தது 21 வயதான பெண்கள். அப்பாவுக்கு நோய் வருமா என்று அதைக் கேட்டுப் பயனில்லை. அது கூடப் பரவாயில்லை. ரத்த அழுத்தம் என்ற பத்தியில் 35 பேருக்குப் பூஜ்யம் இருந்தது. ரத்த அழுத்தம் பூஜ்யம் என்றால் ஆள் உயிரோடு இல்லை! அளக்காத இடத்தில் பூஜ்யத்தைப் போட்டிருக்கிறார்கள். இன்சுலினில் 374 பேருக்கு அப்படி, கிட்டத்தட்ட பாதி. நான் அந்தப் பூஜ்யங்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, யாருக்கு நோய் என்ற என் கணிப்பு 78 சதவீதம் சரியாக வருகிறது என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லோருக்கும் நோய் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் எத்தனை சரி?" 768-இல் 500 பேருக்கு நோய் இல்லை. 65 சதவீதம். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த விடுமுறையில் அப்பாவை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப்போனேன். காலை ஏழரைக்கே வரிசை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கும் நாள். மிஸ்ஸி (தாதி) மலாயில் கேட்டார், "அங்கிள், சுடா மாக்கான்?" சாப்பிட்டாச்சா என்று. அப்பா தயங்காமல் "பெலும்" என்றார். இன்னும் இல்லையாம். வரும் வழியில் கடையில் தே தாரிக் குடித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். கேட்டால், "தேத்தண்ணிதானேம்மா குடிச்சேன், பசியாறலையே" என்கிறார். கருவியில் சீனி அளவு 11.2 வந்தது. மிஸ்ஸி அதை வெறும் வயிற்றுக் கட்டத்தில் எழுதிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை, அப்பாவுக்குப் பின்னால் அறுபது பேர் நிற்கிறார்கள்.

இப்போது கணினி முன்னால் உட்காரும்போதெல்லாம் அந்த 11.2 ஞாபகம் வரும். அது எத்தனை பேரின் கட்டத்தில் இருக்கிறதோ! தம்பி, நீங்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். ஒரு எண் யார் வாயிலிருந்து, யார் கையால், எந்த அவசரத்தில் அந்தக் கட்டத்துக்குள் வந்தது என்பதை. இதில் தோட்டத்துப் பிள்ளைக்குப் பட்டணத்துப் பிள்ளையை விடக் கொஞ்சம் கூடுதல் வசதி உண்டு. நமக்கு அந்த வரிசையில் நிற்பவர்கள் சொந்தக்காரர்கள்.

அளவு விஷயத்திலும் விழுந்து எழுந்திருக்கிறேன். நம் ஊரில் ரத்தத்தின் சீனி அளவு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று. இந்திய, அமெரிக்கத் தரவுகளில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று. நம் அளவை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் அளவாகும். வெறும் வயிற்றில் 7 என்ற எல்லைதான் அங்கே 126. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால் கணினி ஒரு வார்த்தை பேசாது.

அடுத்த தலைவலி பெயர்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போட்டு அப்பா பெயர். சுப்ரமணியம் என்ற பெயரை ஒரே ஆளுக்கு நான்கு எழுத்துக்கூட்டலில் பார்த்திருக்கிறேன். என் முதல் வேலையில் இரு பட்டியல்களைப் பெயரை வைத்து இணைத்து, ஒருவரை மூவராக்கி, மேலதிகாரி கண்டுபிடிக்கும்வரை நிம்மதியாக இருந்தேன். ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணை வைத்துத்தான் இணைக்க வேண்டும். 12 இலக்கம்: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். தட்டச்சுப் பிழையைப் பிடிக்க இது நல்ல தூண்டில். ஆனால் பழைய தோட்டத்து ஆட்களின் பிறந்த தேதியை முழுசாக நம்பாதீர்கள். என் பாட்டியின் தேதி, தோட்டத்து கிராணி (எழுத்தர்) அவர் முகத்தைப் பார்த்து யூகித்து எழுதியது.

சரி, பழகுவதற்குத் தரவு எங்கே? மலேசிய சுகாதார அமைச்சே 2021-இல் கோவிட் தரவுகளைக் கிட்ஹப் என்ற இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தது. ரத்த தானத் தரவும் அங்கே மாநிலவாரியாக இருக்கிறது. மிமிக் என்ற அமெரிக்கத் தீவிர சிகிச்சைத் தரவுக்கு ஒரு இணையப் பயிற்சி முடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்; அதுவரை 100 நோயாளிகளின் மாதிரி இலவசம். பக்கத்துக் கிளினிக்கில் தெரிந்தவர் மூலம் பதிவுகளைப் பென்டிரைவில் வாங்கிவரும் யோசனை மட்டும் வேண்டாம். அரசாங்க மருத்துவமனைகளில் ஆய்வு என்றால் என்.எம்.ஆர்.ஆர். என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்தப் படிவத்தை ஒருமுறை நிரப்பிப் பழகிய மாணவரை வேலைக்கு எடுப்பவர்கள் விரும்புவார்கள்.

வேலை என்று தேடும்போது 'டேட்டா சயின்டிஸ்ட்' விளம்பரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ஆய்வு உதவியாளர், மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு, காப்பீட்டுக் கோரிக்கைகள், எது முதலில் வந்தாலும் ஏறிக்கொள்ளுங்கள். நான் தரவு உள்ளிடும் ஒப்பந்த வேலையில்தான் நுழைந்தேன். நோய்களுக்கான ஐ.சி.டி.-10 குறியீடுகளை அங்கேதான் கற்றேன். இரண்டாம் வகை நீரிழிவு ஈ11 என்பது இன்று தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

மனுவின் முடிவு வரும்வரை சும்மா இருக்காமல் அந்த ரத்த தானக் கோப்பை இறக்கி, பேராவை மட்டும் பிரித்தெடுத்து, நோன்பு மாதத்தில் கோடு எப்படிப் போகிறது என்று வரைந்து பாருங்கள். நோன்பு மாதம் ஆண்டுதோறும் பதினோரு நாள் போல முன்னால் நகரும், அதை மறந்தால் படம் தப்பாக வரும். வரைந்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.