‘ரோஜர் ஆக்ராய்ட் கொலை’ நாவலில் கதை சொல்லும் டாக்டரே கொலைகாரர் என்று முடிப்பது வாசகரை ஏமாற்றுவது ஆகாதா?

ஆகாது. (குட்டை உடைத்தது கேள்வி கேட்டவர். இன்னும் படிக்காதவர்கள் என்னைத் திட்ட வேண்டாம்.)

கடைசி அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தைத் தூக்கி எறியலாம் போல வந்திருக்கும், அதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கோபம் புதிதில்லை. அகதா கிறிஸ்டி இதை வெளியிட்டது 1926-இல். மூன்று வருஷம் கழித்து ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளை போட்டார். யார் மனதுக்குள் வாசகரை நுழையவிட்டீர்களோ அவர் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பது முதல் கட்டளையிலேயே வருகிறது. துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸோ, எல்லோரையும் சந்தேகப்படுவது வாசகர் வேலை என்று கிறிஸ்டி பக்கம் நின்றார். நான் சேயர்ஸ் கட்சி. காரணம், எங்கள் அத்தை.

சம்பா அறுப்பு முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டிவிட்டு எங்கள் முறைக்காகக் காத்துக்கிடந்த சமயம். வெண்ணாற்றுப் பக்கம், மேலே கூரை கிடையாது, தார்ப்பாய்தான். ராத்திரிக் காவல் எனக்கு. தஞ்சாவூரில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த ஆங்கிலப் பதிப்பு கையில். அத்தை தூக்குவாளியில் சோறு கொண்டுவருவார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். அன்றன்று படித்தவரை கதையைச் சொல்வேன். முடிவு எனக்கும் தெரியாது.

அந்த இடம் வந்தது. மிரட்டிப் பணம் பறித்தவனின் பெயரை எழுதி அனுப்பிவிட்டு ஒரு பெண் செத்துப்போகிறாள். கடிதம் ஆக்ராய்டுக்கு வரும்போது மணி எட்டு நாற்பது. டாக்டர் ஷெப்பர்ட் அறையை விட்டுக் கிளம்பும்போது எட்டு ஐம்பது, கடிதம் இன்னும் முழுதாகப் படிக்கப்படவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தபடி டாக்டர் திரும்பிப் பார்க்கிறார், செய்யாமல் விட்டது ஏதாவது உண்டா என்று யோசிக்கிறார்.

அத்தை உடனே மறித்தார். “இரு தம்பி. எட்டு நாப்பதுக்கு லெட்டர் வருது, எட்டு அம்பதுக்கு இவன் கெளம்புறான். நடுவுல பத்து நிமிசம் என்ன பண்ணுனானாம்?”

“புக்குல இல்ல அத்தை. பேசிக்கிட்டு இருந்திருப்பாங்க.”

“பேசுனா என்ன பேசுனேன்னு சொல்லியிருப்பான்ல. மத்ததெல்லாம் ஒண்ணு விடாம சொல்றவன்தானே. எனக்கு இவன் மேலதான் நெனப்பு.”

கதை சொல்கிறவனே எப்படிக் கொலைகாரனாக முடியும் என்று நான் வாதாடினேன். அத்தை தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைசி அத்தியாயத்தில் டாக்டர் அதே வரிகளை எடுத்துக்காட்டி, எவ்வளவு நறுக்கென்று எழுதியிருக்கிறேன் பாருங்கள் என்று பெருமைப்படுகிறார். நடுவில் ஒரு வரிசை நட்சத்திரக் குறி போட்டிருந்தால் அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன நடந்தது என்று யாராவது யோசித்திருப்பார்களோ என்றும் கேட்கிறார். எங்கள் அத்தைக்கு நட்சத்திரம் தேவைப்படவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர், காதால் கேட்டே பிடித்துவிட்டார் என்றால் ஆசிரியர் ஒளித்துவைத்து விளையாடவில்லை, கண்ணெதிரே வைத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? டாக்டர் சிலதைச் சொல்லாமல் விடுகிறார். பொய் சொல்லவில்லை.

அத்தை பெயரில் கதை விடுகிறேன் என்று யாராவது வருவீர்கள். நம்பாவிட்டால் போங்கள். நம்ம ஊர் எழுத்தாளர்களை விட்டுவிட்டு வெள்ளைக்காரியைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்றும் ஒருவர் வருவார். துப்பறியும் நாவல்கள் எழுதிய வடுவூர் துரைசாமி ஐயங்காரும், துப்பறியும் சாம்புவைப் படைத்த திருவிடைமருதூர் தேவனும் எங்கள் டெல்டாக்காரர்கள்தான், எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இந்த நாவலில் எனக்குப் பிடித்த ஆள் துப்பறிகிற பொய்ரோ இல்லை, டாக்டரின் அக்கா கரோலின். வீட்டில் இருந்தபடியே பால்காரன், வேலைக்காரி மூலமாக ஊர்ச் சேதி முழுவதையும் வாங்கிவிடுகிறவள். அவளை எழுதியபோது கிடைத்த சந்தோஷத்திலிருந்துதான் தன்னுடைய இன்னொரு துப்பறியும் பாத்திரமான மிஸ் மார்ப்பிள் வந்திருக்கலாம் என்று கிறிஸ்டியே சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். 1928-இல் இதை மேடை நாடகமாக்கியவர்கள் கரோலினைத் தூக்கிவிட்டு ஓர் இளம்பெண்ணைப் போட்டார்கள். கிறிஸ்டிக்கு அது பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும்?

நெல் என்ன ஆச்சு என்று யாரும் கேட்கப்போவதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். எங்கள் முறை வந்த அன்று 18 என்று தள்ளிவிட்டார்கள். ராத்திரி பூராவும் பனி கொட்டினால் நெல் என்ன செய்யும்? எங்களுக்குப் பின்னால் வந்த குவியலும் அதே பனியில் நனைந்ததுதான். அந்த ஆள் பட்டியல் எழுதுகிறவரோடு டீக்கடைப் பக்கம் போய்விட்டு வந்தார், அவர் நெல் 17-க்குள் காய்ந்துவிட்டது. நாங்கள் மறுபடி களத்தில் பரப்பி, காலால் கிளறிவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போனோம். டீக்கடையில் என்ன நடந்தது என்று அத்தையிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள், மூட்டைக்கு எவ்வளவு என்பது வரைக்கும் சொல்வார்.