பயங்கரவாத எதிர்ப்பு உலக அரசியலை உண்மையிலேயே மாற்றியதா, வெறும் முழக்கம்தானா?

முழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. முழக்கத்தால் யாருடைய வங்கிக் கணக்கையும் முடக்க முடியாதே!

அமெரிக்கா மீதான செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த சில வாரங்களில், 2001 செப்டம்பர் 28 இரவு ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1373ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. கூட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. பயங்கரவாதத்துக்கு நிதி தருவதைக் குற்றமாக்க வேண்டும், சொத்துகளை முடக்க வேண்டும், எல்லைக் காவலை இறுக்க வேண்டும், செய்ததை அறிக்கையாக அனுப்ப வேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் ஒரே உத்தரவு. வழக்கமாக இத்தகைய கடமைகளை ஒரு நாடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தானாக ஏற்கும். இங்கே மன்றத்தின் பதினைந்து உறுப்பினர்கள் கைதூக்கினார்கள், உலகம் முழுவதும் கட்டுப்பட்டது. என்னைக் கேட்டால், ஆப்கானிஸ்தான் போரைவிட ஆழமான மாற்றம் இதுதான்.

ஆனால் பயங்கரவாதம் எது என்று அதில் வரையறுக்கவில்லை. பயங்கரவாதம் குறித்து இந்தியா 1996இல் முன்வைத்த பொது உடன்படிக்கையோ, விடுதலைப் போராட்டங்களை என்ன செய்வது, அரசுப் படைகளை என்ன செய்வது என்ற இழுபறியில் இன்னும் கிடப்பில் கிடக்கிறது. அந்த இடைவெளியில் அவரவர் தங்கள் எதிரியை நுழைத்தார்கள். ரஷ்யா செச்சினியப் போரை இந்தக் கணக்கில் எழுதியது. சீனா சொன்ன உய்குர் அமைப்பு ஒன்று, அமெரிக்க ஆதரவோடு 2002இல் ஐ.நா.வின் பயங்கரவாதத் தடைப்பட்டியலில் ஏறியது. உறவு கசந்த பிறகு, 2020இல், அதே அமைப்பை அமெரிக்கா தன் சொந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

நாடுகளுக்கிடையிலான போட்டியே இனி முதல் கவலை என்று 2018இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை எழுதியதும் பயங்கரவாத எதிர்ப்புக் காலம் முடிந்தது என்றார்கள். பட்டியல்கள் எங்கேயும் போகவில்லை.

இரண்டு பேரைப் பாருங்கள். சவூதி தொழிலதிபர் யாசின் காதியை 2001 அக்டோபரில் ஐ.நா. தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். ஆதாரத்தை அவரிடம் காட்டவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தும், பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது 2012இல்தான். பதினோரு ஆண்டுகள்.

இன்னொருவர் அகமது அல்-ஷரா, அல்-காய்தாவின் சிரியக் கிளையை நடத்தியவர், பின்னாளில் சிரியாவின் அதிபரானவர். அவர் தலைக்கு அமெரிக்கா ஒரு கோடி டாலர் அறிவித்திருந்தது. 2024 டிசம்பரில் அவர் படைகள் டமாஸ்கஸைப் பிடித்தன. அந்த மாதமே அந்த அறிவிப்பு விலக்கப்பட்டது. 2025 நவம்பரில், அதாவது பதினோரு மாதத்தில், பாதுகாப்பு மன்றம் அவர் மீதான தடையையும் நீக்கியது. அடுத்த சில நாட்களில் வெள்ளை மாளிகைக்குப் போய்வந்தார்.