வீட்டுக்குப் பின்னால் ஒரு போர்டு, கையில் ஒரு கடிதம்

தம்பி, உங்கள் கேள்வி எனக்குக் கடலூரில்தான் வந்து சேர்ந்தது. ஒரு மாத விடுமுறையில் திருப்பாதிரிப்புலியூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். நேற்று மாலை பாடலீஸ்வரர் கோயிலில் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். நீங்கள் அனுப்பிய கடிதத்தின் படத்தைப் போனில் காட்டி, "பையன் பயந்து போயிருக்கான், நீதான் இருபது வருஷமா அங்க இருக்கியே, என்னன்னு பாத்துச் சொல்லும்மா" என்றார்.

நீங்கள் கேட்டது இதுதான். ஃப்ளோரிடாவில் போன வருடம் வாங்கிய வீட்டுக்குப் பின்னால் நாலு ஏக்கர் காலி நிலம். அதில் ஒரு போர்டு நட்டிருக்கிறார்கள். தனி வீடுகளுக்கான அந்த இடத்தை அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றக் கேட்டு மனு போயிருக்கிறது, சிட்டி கமிஷனில், அதாவது அந்த ஊர் நகர சபையில், பப்ளிக் ஹியரிங் (பொது விசாரணை) என்று தபாலும் வந்திருக்கிறது. விசாவில் இருப்பவன் போகலாமா, போய்ப் பேசினால் ஏதாவது ஆகுமா, அதற்கு முன்னால் யாரைப் பார்க்க வேண்டும்?

போகலாம். பேசலாம். பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. வாசலில் ஒரு சின்ன அட்டை தருவார்கள், பெயரும் முகவரியும் எந்த மனுவைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்பதும் எழுதிக் கொடுத்தால் போதும். தேர்தலில் ஓட்டுப் போடுவதுதான் குடிமக்களுக்கு மட்டும் உரியது. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் வாக்காளராகப் பதிய விருப்பமா என்று கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். விசாவில் இருப்பவர்கள் அங்கே கவனமில்லாமல் ஒரு டிக் போட்டால், பின்னால் குடியுரிமை கேட்கும்போது பெரிய தலைவலியாகிவிடும்.

யாரைப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்குத்தான் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நானும் அங்கே போன புதிதில் அப்படித்தான் யோசித்தேன். கடலூரில் வளர்ந்தவர்களுக்கு அது தானாக வருகிற யோசனை. வார்டு கவுன்சிலரைப் பார், ஆபீசில் தெரிந்தவர் யார் என்று விசாரி, இல்லையென்றால் திங்கட்கிழமை மஞ்சக்குப்பத்தில் கலெக்டரிடம் மனு கொடு. ஃப்ளோரிடாவில் இந்த மாதிரி விஷயத்தில் ஆளைத் தேடுவதற்கு முன் ஒரு காகிதத்தைத் தேடுங்கள். அதன் பெயர் ஸ்டாஃப் ரிப்போர்ட். நகரத் திட்டமிடல் அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் அந்த மனுவைப் படித்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, அனுமதிக்கலாமா வேண்டாமா என்று எழுதி வைக்கும் அறிக்கை. கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே அஜெண்டாவோடு சேர்த்து நகரத்தின் இணையதளத்தில் போட்டுவிடுவார்கள். கூட்டத்தில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் அந்த அறிக்கையைச் சுற்றியே நடக்கும். அதைப் படிக்காமல் போகிறவர் பாடப் புத்தகத்தைத் திறக்காமல் பரீட்சைக்குப் போகிற மாதிரி.

ஒரு சொற்குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். நம் கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது, 45 வார்டு, 45 கவுன்சிலர்கள். இங்கே கமிஷனர் என்றால் அரசு நியமிக்கும் அதிகாரி. அங்கே கமிஷனர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். அதாவது நம் கவுன்சிலர் இடத்தில் இருப்பவர்தான் அங்கே கமிஷனர். நம் கமிஷனர் செய்யும் நிர்வாக வேலையைச் செய்பவருக்கு அங்கே சிட்டி மேனேஜர் என்று பெயர், அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதே கமிஷன்தான். பெரும்பாலான ஊர்களில் மேயரையும் சேர்த்து ஐந்து பேரோ ஏழு பேரோ இருப்பார்கள், பல ஊர்களில் மேயருக்கும் ஒரு ஓட்டுத்தான்.

இந்த அமைப்பு புயலில் பிறந்தது என்று தெரிந்தபோது எனக்கு மனசுக்குள் என்னவோ செய்தது. 1900 செப்டம்பரில் டெக்சாஸில் கால்வெஸ்டன் என்ற கடற்கரை ஊரைப் புயல் அடித்து நொறுக்கியது, ஆயிரக்கணக்கான பேர் செத்துப் போனார்கள். பழைய நகர சபையால் ஊரைத் தூக்கி நிறுத்த முடியாது என்று 1901-ல் ஐந்து பேர் கொண்ட கமிஷனை அமைத்தார்கள். பின்னால் 1913-ல் ஓஹாயோவில் டேட்டன் நகரம் வெள்ளத்தில் மூழ்கிய பிறகு, அந்த ஊர் சிட்டி மேனேஜர் முறைக்குப் போனது. 2004 சுனாமியையும் 2011 டிசம்பர் 30-ல் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர்க்காரி நான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிற்கும்போதெல்லாம் அந்தக் கால்வெஸ்டன் நினைவு வந்துவிடுகிறது.

சரி, உங்களுக்கு வந்த கடிதத்தில் இருக்கும் மனுவுக்கு வருகிறேன். ஃப்ளோரிடாவில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முழுமைத் திட்டம் இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். எந்தப் பகுதி வீடு, எந்தப் பகுதி கடை, எந்தப் பகுதி தொழிற்சாலை என்று எதிர்கால நில உபயோக வரைபடம் ஒன்று அதில் இருக்கும். அதன் கீழே ஸோனிங், அதாவது எத்தனை மாடி, எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும், ஒரு ஏக்கருக்கு எத்தனை வீடு என்ற விதிகள். ஸோனிங் அந்த வரைபடத்துக்கு முரணாக இருக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் ரீஸோனிங், அதாவது ஸோனிங் மாற்றம், மட்டும் கேட்டிருக்கிறார்களா, வரைபடத்தையும் மாற்றக் கேட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். வரைபடம் ஏற்கெனவே அங்கே அடுக்குமாடியை அனுமதிக்கிறது என்றால் உங்கள் பக்கம் வாதாட இடம் குறைவு. அதையும் மாற்ற வேண்டும் என்றால் இடம் அதிகம்.

மனு முதலில் பிளானிங் போர்டுக்குப் போகும். பெரும்பாலும் ஊர்க்காரர்களே தன்னார்வமாக உட்காரும் குழு. அவர்கள் சிபாரிசு மட்டும் செய்வார்கள், முடிவு கமிஷனுடையது. ரீஸோனிங் ஒரு ஆர்டினன்ஸ், நகரச் சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநில விதிப்படி அதை இரண்டு தனித்தனி நாட்களில் வாசித்த பிறகுதான் நிறைவேற்ற முடியும். நிறைவேற்றுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகப் பொது அறிவிப்பும் கொடுத்திருக்க வேண்டும். ஆக, பிளானிங் போர்டில் ஒரு முறை, முதல் வாசிப்பில் ஒரு முறை, இரண்டாம் வாசிப்பில் ஒரு முறை என்று மூன்று கூட்டங்கள். மூன்றுக்கும் போங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் முதல் வீடு வாங்கிய இரண்டாவது வருடம் எங்களுக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது, பின்னால் கிடங்கு கட்டக் கேட்ட மனு பற்றி. கிரெடிட் கார்டு விளம்பரங்களோடு சேர்த்து அதையும் குப்பையில் போட்டேன். பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் விஷயமே தெரிந்தது, அப்போது இரண்டாம் வாசிப்புக்கு இரண்டு நாள்தான் இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். அமைதியான இடம் என்று நம்பித்தான் வாங்கினோம், லாரி வந்தால் குழந்தை தூங்காது என்று சொல்லி அழுதுவிட்டேன். ஒருவரும் என்னை அவமதிக்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார்கள். நாலு ஓட்டுக்கு ஒன்று என்று மனு நிறைவேறியது. பின்னால் கிடங்கு வந்தது, லாரியும் வந்தது. அந்த வீட்டில் இருந்த ஐந்து வருடமும் நாங்கள் பின்பக்கக் கதவைத் திறக்கவில்லை.

அன்று நான் தோற்றது ஏன் என்று பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. ஒரு குறிப்பிட்ட நிலத்தை ரீஸோன் செய்யும்போது கமிஷனர்கள் அரசியல்வாதிகளாக உட்காருவதில்லை, பாதி நீதிபதிகளாக உட்காருகிறார்கள். 1993-ல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்ன தீர்ப்பு அது. அதனால்தான் அந்த மனு வரும்போது பேசப் போகிற எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, வலது கையை உயர்த்தி, உண்மை சொல்வதாக உறுதிமொழி வாங்குவார்கள். பயப்படாதீர்கள், கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி இல்லை. ஆனால் முடிவுக்குச் சாட்சியம் வேண்டும். "எங்களுக்கு இது பிடிக்கவில்லை, வீட்டு விலை குறைந்துவிடும்" என்று ஐம்பது பேர் வந்து சொன்னாலும் அது சாட்சியம் ஆகாது. வாடகைக்கு வருபவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்று யாராவது பேசினால் அதோடு சேராதீர்கள். அது தப்பு, நாமும் வாடகைக்கு வந்து இறங்கியவர்கள்தான்.

நீங்கள் கண்ணால் பார்த்தது சாட்சியம் ஆகும். போன ஆகஸ்ட்டில் மழை பெய்தபோது உங்கள் வேலி ஓரம் எவ்வளவு தண்ணீர் நின்றது, எத்தனை நாள் நின்றது, படம் இருக்கிறதா? காலையில் பள்ளி நேரத்தில் அந்தச் சந்தியில் எத்தனை கார் நிற்கிறது, ஒரு வாரம் எண்ணி எழுதி வைத்தீர்களா? இப்போது இருக்கும் இரண்டாவது வீட்டுக்குப் பின்னால் மூன்று மாடிக் குடியிருப்பு கேட்டு மனு வந்தபோது நான் அதைத்தான் செய்தேன். மழைத் தண்ணீர் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கெடிலம் ஆற்றில் தண்ணீர் வந்தால் எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்று சின்ன வயதிலேயே தெரிந்து வளர்ந்தவள். மூன்று மழைக்கு எடுத்த படங்களை தேதி போட்டு அச்செடுத்து, கமிஷனர்களுக்கு ஆளுக்கு ஒன்று, கிளார்க்குக்கு ஒன்று என்று கொடுத்தேன். கண்ணீர் இல்லை, இரண்டரை நிமிஷத்தில் முடித்துவிட்டேன்.

மனு தள்ளுபடி ஆகவில்லை. ஆனால் அது நிபந்தனை போடக்கூடிய வகை மனு, பி.யூ.டி. என்பார்கள். ஒரு கமிஷனர் என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனுதாரரின் வக்கீலைக் கேள்வி கேட்டார். மழைநீர் தேங்கும் குளத்தை எங்கள் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தார்கள், நடுவில் மரம் வைக்கச் சொன்னார்கள், குப்பைத் தொட்டியையும் விளக்குக் கம்பத்தையும் மாற்றினார்கள், எங்கள் தெருவுக்கு வாசல் வைக்கக் கூடாது என்றார்கள். மூன்று மாடி இன்றும் அங்கே நிற்கிறது. நான் பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துத்தான் சமைக்கிறேன்.

முன்கூட்டியே கமிஷனர்களைச் சந்திக்கலாமா என்றால், சந்திக்கலாம், ஆனால் விதி தெரிந்து சந்தியுங்கள். 1967-லிருந்து ஃப்ளோரிடாவில் சன்ஷைன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தங்கள் முன்னால் வரப்போகிற விஷயத்தைப் பற்றி இரண்டு கமிஷனர்கள் தனியாகப் பேசிக்கொள்ளவே கூடாது. காபி குடிக்கும்போதும் கூடாது, போனிலும் கூடாது. பேசுவதெல்லாம் பொதுக் கூட்டத்தில், எல்லோர் முன்னிலையில்தான். அதனால் ஒருவரிடம் போய், "நீங்கள் அவரிடம் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடுவதாகும். உங்களைச் சந்தித்ததைக்கூட அன்று மேடையிலேயே அறிவிப்பார்கள். நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல் பொது ஆவணம், யார் கேட்டாலும் கிடைக்கும். கோபத்தில் எழுதாதீர்கள்.

கூட்டத்தின் ஒழுங்கு எளிது. கொடி வணக்கம், பிறகு கன்சென்ட் அஜெண்டா என்று சின்னச் சின்ன விஷயங்களை மொத்தமாக ஒரே ஓட்டில் முடிப்பார்கள், பிறகு ஹியரிங். ஊழியர் பேசுவார், மனுதாரரின் வக்கீல் பேசுவார், நீங்கள் பேசுவீர்கள், வக்கீல் பதில் சொல்வார், பிறகு பொதுமக்கள் பேச்சு முடிந்தது என்று அறிவித்துவிட்டு அவர்கள் தங்களுக்குள் பேசுவார்கள். ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிய வேண்டும், வழிமொழிய ஆள் இல்லையென்றால் அந்தத் தீர்மானம் அங்கேயே போச்சு. கிளார்க் பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் ஓட்டைச் சத்தமாகச் சொல்வார்கள். முடிவு தப்பு என்று நினைத்தால் 30 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் கோர்ட் பெரும்பாலும் அன்று பதிவான சாட்சியத்தைத்தான் பார்க்கும். பேசாமல் வந்தால் பிறகு பேச முடியாது.

எல்லாமே கமிஷன் கையில் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். மழைநீர் வடிகாலுக்கு நீர் மேலாண்மை மாவட்டம் என்ற வேறொரு அரசு அமைப்பின் அனுமதி தனி. 2023-ல் வந்த ஒரு மாநிலச் சட்டப்படி, கடைப் பகுதியில் குறைந்த வாடகை வீடுகளுக்குக் குறிப்பிட்ட பங்கு ஒதுக்கினால் ரீஸோனிங் ஹியரிங்கே இல்லாமல் அடுக்குமாடி கட்டலாம். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலம் தனி வீட்டுப் பகுதி என்பதால்தான் அவர்கள் ஹியரிங்குக்கு வருகிறார்கள்.

அம்மா வீட்டுக்குப் பின்னால் இப்போது ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கம்பி இறக்கிய அன்றுதான் தெருவுக்கே தெரியும். இங்கேயும் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது, நில உபயோக மாற்றத்துக்கு ஆட்சேபம் சொல்ல வழியும் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கையில் ஒரு கடிதம் வந்து விழுவதில்லையே என்று நேற்று மொட்டை மாடியில் நின்றபோது எனக்கு வலித்தது. உங்கள் கைக்கு வந்திருக்கிறது தம்பி. நான் போட்ட இடத்தில் அதைப் போட்டுவிடாதீர்கள்.

நான் அடுத்த வாரம் புறப்படுகிறேன். அதற்குள் மனு எண்ணை வைத்து ஸ்டாஃப் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து எனக்கு அனுப்புங்கள், விமானத்தில் படித்துவிடுவேன். பிளானிங் போர்டு கூட்டம் என்றைக்கு என்றும் எழுதுங்கள், ஒரு மணி நேரத் தூரம்தானே, நானும் வந்து பக்கத்தில் உட்காருகிறேன். உங்கள் அம்மா பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ கட்டிக் கொடுத்திருக்கிறார், அதையும் அன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன்.