கேள்வி பதில்: கர்னல் மாறியதும் காணாமற்போன கேமரா

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய 40 கணினிகள் உள்ளன. ஓபிஎஸ் என்ற காணொளிப் பதிவு மென்பொருளின் காட்சியை இணைய வகுப்பில் கேமராவாகக் காட்டுவதற்காக, மெய்நிகர் கேமராவை உருவாக்கும் வி4எல்2லூப்பேக் மாட்யூலின் (இயங்குதளத்தின் மையமான கர்னலோடு இணையும் நிரல்) புதிய பதிப்பை ஒரு கணினியில் கம்பைல் செய்து (மூலநிரலை இயங்கும் கோப்பாக்கி), கிடைத்த கோப்பை டெபியனின் நிறுவல் கோப்பான டெப் பொதியாக்கி எல்லாவற்றிலும் நிறுவினேன். அடுத்த கர்னல் புதுப்பிப்போடு கேமரா மறைந்துவிட்டது. எங்கே தவறினேன்?
- ஒரு வாசகர்

பதில்: கம்பைல் செய்த கோப்பைப் பொதிந்தீர்கள், மூலநிரலைப் பொதிந்திருக்க வேண்டும். லினக்ஸ் கர்னல் தன் உள் இடைமுகங்களை மாறாமல் வைத்திருப்பதாக எப்போதும் வாக்களித்ததில்லை என்பதால், ஒரு கர்னலுக்காகக் கம்பைல் செய்த மாட்யூல் அந்தக் கர்னலுக்கு மட்டுமே உரியது. ஒவ்வொரு கர்னலுக்கும் மாட்யூல் அடைவும் தனி. புதிய கர்னல் தன் அடைவில் தேடியது, உங்கள் கோப்போ பழைய அடைவிலேயே கிடந்தது.

இதற்கென்றே டெல் நிறுவனத்தார் 2003இல் உருவாக்கிய கருவிதான் டிகேஎம்எஸ். பொதி மூலநிரலை 'யூஎஸ்ஆர்' அடைவுக்குள் 'எஸ்ஆர்சி' என்பதன்கீழ், பெயரும் பதிப்பு எண்ணும் சேர்ந்த அடைவில் வைக்கும். புதிய கர்னல் நிறுவப்படும்போதெல்லாம் டிகேஎம்எஸ் அதை அந்தந்தக் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்ளும். அதன் அமைப்புக் கோப்பில் மாட்யூலின் பெயர், பதிப்பு, சேருமிடம் ஆகியவற்றோடு 'ஆட்டோஇன்ஸ்டால்' என்ற வரிக்கு 'யெஸ்' என்று தர மறக்காதீர்கள். மறந்தால் மீண்டும் இதே கடிதத்தை எழுதுவீர்கள். கர்னலின் இடைமுகங்களை விவரிக்கும் கோப்புகளான கர்னல் ஹெடர்கள் இல்லாமல் எதுவும் கம்பைல் ஆகாது. குறிப்பிட்ட ஒரு பதிப்பின் ஹெடர்களை நிறுவாமல், கர்னலோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படும் ஹெடர் மெட்டாபொதியை (எப்போதும் புதிய பதிப்பை இழுத்துவரும் பொதி) 40 கணினிகளிலும் நிறுவுங்கள்.

டெபியன் களஞ்சியத்திலேயே இந்த மாட்யூலுக்கான டிகேஎம்எஸ் பொதி இருக்கிறது. புதிய பதிப்பு கட்டாயம் தேவையில்லை என்றால் அதுவே போதும். நீங்களே செய்வதானால் அதே பெயரை வைத்து, பதிப்பு எண்ணின் இறுதியில் ~ குறியிட்டு ஆய்வகத்தின் பெயரைச் சேருங்கள். அதே எண்ணில் அதிகாரப்பூர்வப் பொதி பின்னர் வந்தால், அது உங்களுடையதை விடப் புதியதாகக் கருதப்பட்டு இடம்பிடிக்கும்.

'எக்ஸ்க்ளூசிவ் கேப்ஸ்' அளவுருவுக்கு 1 என்ற மதிப்பை மாட்யூல் அமைப்புக் கோப்பில் எழுதிப் பொதியோடு அனுப்புங்கள். இது இல்லாவிட்டால் மெய்நிகர் கேமரா தன்னைக் காட்சி பெறுவதாகவும் தருவதாகவும் ஒருசேர அறிவிக்கும். குரோம் உலாவி அதைக் கேமராவாக ஏற்காது. 1 எனத் தந்தபின், ஓபிஎஸ்ஸில் மெய்நிகர் கேமராவைத் தொடங்கும்வரை குரோமின் பட்டியலில் அது தெரியாது. மாணவர்கள் இதைப் பழுதென்று வந்து சொல்வார்கள், பழுதல்ல.

செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயங்கும் கணினிகளில் கையொப்பமற்ற மாட்யூலைக் கர்னல் ஏற்பதில்லை. டிகேஎம்எஸ் தானே சாவி உருவாக்கிக் கையொப்பமிடும் என்றாலும், அந்தச் சாவியை 'மோக்யூட்டில்' கட்டளையால் பதிவுக்குக் கொடுத்து, மறுதொடக்கத்தில் தோன்றும் நீலத்திரையில் கடவுச்சொல்லை ஒருவர் தட்டச்சு செய்தே ஆக வேண்டும். இந்த வேலையை எந்தப் பொதியாலும் செய்ய முடியாது. 40 கணினிகளுக்கும் ஒரு பிற்பகலை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.