பர்ன்ஸின் கரடி பொம்மை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கல்லூரி முதலாண்டு படிக்கும் என் மகன் ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரை விடாமல் பார்க்கிறான். கூட உட்கார்ந்தால் எனக்குப் பாதி நகைச்சுவை புரிவதில்லை. “இது அந்தப் படத்தோட பகடிப்பா” என்பான். அந்தப் படத்தை அவனும் பார்த்ததில்லை, இணையத்தில் படித்ததுதான். மூலத்தைப் பார்க்காமல் பகடியை ரசிப்பதில் என்ன இருக்கிறது?

ச.

அன்புள்ள ச.,

எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. 1993-இல் வந்த ‘ரோஸ்பட்’ என்ற சிம்ப்சன்ஸ் அத்தியாயத்தைப் பார்த்தபோது, அது பகடி செய்யும் படத்தை, ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘சிட்டிசன் கேன்’ படத்தை, நான் பார்த்திருக்கவில்லை. அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ் தூக்கத்தில் “போபோ” என்று முனகுகிறார். சின்ன வயதில் அவர் விட்டுவிட்டு வந்த கரடி பொம்மை அது. இப்போது சிம்ப்சன் வீட்டுக் கைக்குழந்தை மேகியிடம் இருக்கிறது. ஊரையே விலைபேசக்கூடிய கிழவர், அதைப் பிடுங்கப் பார்த்து முடியாமல் நிற்கிறார். எனக்குத் தொண்டை அடைத்தது.

பல வருடம் கழித்துத்தான் படத்தைப் பார்த்தேன். படத்தின் நாயகனான பணக்காரப் பத்திரிகை முதலாளி கேன் சாகும்போது சொல்லும் ‘ரோஸ்பட்’, பிள்ளை வயதில் அவர் விளையாடிய பனிச்சறுக்கு வண்டியின் பெயர். கடைசியில் அது உலையில் எரிகிறது, யாருக்கும் விஷயம் தெரியாமலே. சிம்ப்சன்ஸ் எழுதியவர்கள் கை வைத்த இடம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கேனுக்குத் திரும்பக் கிடைக்காதது பர்ன்ஸுக்குக் கிடைக்கிறது. அவர் முகத்தைப் பார்த்து மேகி தானாகவே பொம்மையை நீட்டுகிறாள். அந்தப் படத்தின் துக்கத்தை உணர்ந்தவர்களால்தான் இப்படி மாற்ற முடியும்.

எல்லாவற்றுக்கும் மூலம் தேவை என்றும் இல்லை. அதே ஆண்டு ‘கேப் ஃபியர்’ படத்தைப் பகடி செய்த அத்தியாயத்தில், தொடரின் வில்லன் சைட்ஷோ பாப் இலை வாரும் வாரிகளை மிதித்து மிதித்து முகத்தில் அடி வாங்குவான். ஒன்பது தடவை! அத்தியாயத்தின் நீளம் போதாததால் இழுத்து நீட்டிய காட்சி அது. மூன்று வயதுக் குழந்தையும் சிரிக்கும்.

என்னை உறுத்துவது வேறு. தொடரில் வரும் இந்தியக் கடைக்காரர் அபுவின் பெயர் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ படத்தில் வரும் சிறுவன் அபுவிடமிருந்து வந்தது. சரி, பெயரைத் தவிர அந்தப் படத்திலிருந்து வேறு என்ன வந்தது? அபுவுக்குக் குரல் கொடுத்த ஹாங்க் அசாரியா என்ற வெள்ளையர் இழுத்துப் பேசிய உச்சரிப்பையே சிரிப்பாக்கினார்கள். அந்தக் குரலை வைத்து அமெரிக்காவில் இந்தியப் பிள்ளைகள் பட்ட கேலியைப் பற்றி இந்திய வம்சாவளி அமெரிக்க நகைச்சுவையாளர் ஹரி கொண்டபோலு 2017-இல் ஆவணப்படமே எடுத்தார். அபுவுக்குக் குரல் கொடுப்பதை அசாரியா 2020-இல் விட்டார். வெல்ஸை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர்கள் ராயையும் அப்படிப் பார்த்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு உட்கார்ந்து ‘சிட்டிசன் கேன்’ பாருங்கள். இரண்டு மணி நேரம்தான். தொடக்கத்திலேயே கேன் கையிலிருந்து கண்ணாடி உருண்டை நழுவும். பகடியில் பார்த்தது இதுதானா என்று அங்கே உங்கள் மகன் நிமிர்ந்து உட்காருவான். அப்புறம் ‘ரோஸ்பட்’ அத்தியாயத்தைப் போடச் சொல்லுங்கள்.