சொந்தமாகக் கட்டும் சைக்கிளுக்கு எந்த கிராங்க்செட் போடலாம்? 50/34 பல், 172.5 மி.மீ நீளம் சரிவருமா?

ஸ்டீல் ஃபிரேம் கையில் இருக்கிறது, மற்ற பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கிறேன், எல்லோரும் 50/34, 172.5 என்கிறார்கள், அதையே வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிராங்க்செட் என்பது பெடல்கள் மாட்டும் இரண்டு கிராங்குகளும் முன்பக்கப் பல்சக்கரங்களும் (செயின்ரிங்) சேர்ந்தது; 50/34 அந்தச் சக்கரங்களின் பல் எண்ணிக்கை, 172.5 கிராங்கின் நீளம். உங்கள் காலை அளந்து பார்க்கும் வரை வாங்காதீர்கள்.

நீங்கள் பந்தயம் ஓட்டுபவர் இல்லை, மேடும் பள்ளமுமான சாலையில் நெடுந்தூரம் போக ஆசைப்படுபவர் என்று வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். பந்தயக்காரர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உங்களுக்கு 53 பல் வேண்டுமென்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் உயரம் 155 செ.மீ. கடையிலிருந்து அப்படியே வாங்கிய என் முதல் சைக்கிளில் 170 மி.மீ கிராங்க் இருந்தது. ஃபிரேம் என் அளவுதான். ஆனால் ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியைப் பிடித்துக் குனிந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் வயிற்றில் வந்து இடிக்கும். பின்னால் வருபவர்கள் என் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுகிறது என்பார்கள். மெக்கானிக்கிடம் கேட்டேன். "சீட்டைக் கொஞ்சம் இறக்கிக்கோங்க மேடம், கிராங்கையெல்லாம் யாரும் மாத்த மாட்டாங்க" என்றார். சீட்டை இறக்கினால் முழங்கால் இன்னும் அதிகமாக மடங்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

அதனால் சொந்தமாக ஒன்றைக் கட்டியபோது நான் முதலில் முடிவு செய்தது கிராங்க் நீளத்தைத்தான். 160 மி.மீ. கணக்கு எளிது. கிராங்க் 10 மி.மீ குறைந்தால் பெடல் கீழே போகும் தூரமும் 10 மி.மீ குறையும், எனவே சீட்டை அவ்வளவு ஏற்றலாம். மேலே வரும்போதும் பெடல் 10 மி.மீ தாழ்ந்தே நிற்கும். ஆக, முழங்கால் மடங்கும் இடத்தில் 20 மி.மீ இடம் கிடைக்கிறது. முதல் நாளே இடுப்பு ஆட்டம் நின்றுவிட்டது.

"நெம்புவிசை குறையுமே" என்று உடனே சொல்வார்கள். குறையும், சுமார் 6 சதவீதம். ஒரு கியர் இறக்கிக்கொண்டால் அது சரியாகிவிடும். 2001இல் மார்ட்டின், ஸ்பிர்டூசோ என்ற இருவர் 120 முதல் 220 மி.மீ வரை ஐந்து நீளங்களில் சோதித்துப் பார்த்தார்கள். அதிகபட்சத் திறனில் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே 4 சதவீதம்தான் வித்தியாசம். என்னைவிட 20 செ.மீக்கு மேல் உயரமான, டூர் டி பிரான்ஸ் வென்ற பொகாச்சரே 2024இல் 165 மி.மீ கிராங்கில்தான் ஓட்டினார். நெட்டைக்காலர்கள் 175 போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காலைப் பார்த்துப் போடுங்கள் என்கிறேன்.

பல் விஷயத்தில் நான் 46/30 பக்கம். பின்சக்கரத்தில் 11 முதல் 34 பல் வரை பல்சக்கரங்கள் இருந்தால், முன்னால் 30, பின்னால் 34 என்ற கியர் எந்த மேட்டிலும் காலைக் காப்பாற்றும். 46/11 கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தாலே மணிக்கு 47 கி.மீ வந்துவிடும். அதற்கு மேல் இறக்கத்தில் மிதிக்காமல் போகலாமே!

ஃபிரேமைப் பார்க்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். பாட்டம் பிராக்கெட் ஷெல்லின், அதாவது கிராங்கின் அச்சு நுழையும் ஃபிரேம் குழாயின், அகலத்தை அளங்கள். 68 மி.மீ வந்தால் பெரும்பாலும் ஆங்கில மரை, 70 வந்தால் இத்தாலிய மரை. ஆங்கில மரையில் செயின் பக்கக் கப் (அச்சைத் தாங்கும் பேரிங் கிண்ணம்) இடது மரை. எதிர்த்திசையில் திருப்பினால்தான் இறுகும். என் ஷெல்லின் மரையில் பெயின்ட் அடைத்துக்கொண்டிருந்தது. வேகமாகத் திருகியிருந்தால் மரை போயிருக்கும். டூத் பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவி, கப்பைக் கையாலேயே நாலைந்து சுற்று ஓடவிட்ட பிறகுதான் ஸ்பேனரை எடுத்தேன்.

அப்புறம் செயின்லைன், அதாவது ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின்ரிங்குகள் தள்ளி நிற்கும் தூரம். ரோடு கிராங்கில் பொதுவாக 43.5 மி.மீ. ஷிமானோ நிறுவனத்தின் ஜிஆர்எக்ஸ் (கரடுமுரடான சாலைக்கான) வகையில் அது 2.5 மி.மீ வெளியே தள்ளி இருக்கும், அதனால் அதற்கே உரிய முன் டிரெய்லர் (செயினை ஒரு செயின்ரிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) வேண்டும். இதைச் சொல்லாமலே விற்கிறார்கள்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிறிய ஃபிரேம் செய்கிறவர்கள் அதில் ஏன் பெரிய கைக்கான பிரேக் லீவரை மாட்டுகிறார்கள்? என் விரல் நுனிதான் எட்டுகிறது. பிரேக் உயிர்ச் சமாச்சாரம். லீவரை உள்ளே கொண்டுவரும் சின்ன ஸ்க்ரூ பல மாடல்களில் இருக்கிறது, விற்கும்போது ஒருவரும் காட்டித் தருவதில்லை. நானே தேடிக் கண்டுபிடித்துத் திருகிக்கொண்டேன்.

சரி, கிராங்குக்கு வருகிறேன். ஷிமானோவின் 24 மி.மீ அச்சு வகையை வாங்கினால், இடது கிராங்கின் பிளாஸ்டிக் மூடியை விரலால் திருகும் அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். பக்கத்திலுள்ள இரண்டு போல்ட்டுகளுக்கு 12 முதல் 14 நியூட்டன் மீட்டர், இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

உங்கள் ஷெல் அகலம், உள்கால் நீளம், எந்த அகல டயர் போடப்போகிறீர்கள் என்ற மூன்றையும் கீழே எழுதுங்கள். கிராங்க் நீளமும் செயின்ரிங்கும் செயின்ஸ்டேயில் (பின்சக்கரத்துக்குப் போகும் ஃபிரேமின் கீழ்க்குழாயில்) உரசாமல் உட்காருமா என்று பார்த்துச் சொல்கிறேன்.