தெருவுக்கு 30 கி.மீ. வேக வரம்பு வேண்டும்: யாரிடம் கேட்பது?

கேள்வி: பேருந்து நிலையத்திலிருந்து பைபாஸுக்குப் போகிறவர்கள் எல்லாம் எங்கள் தெருவைத்தான் குறுக்கு வழியாக எடுக்கிறார்கள். தெருவில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. பள்ளி விடும் நேரத்தில்கூட பைக்குகள் பறக்கின்றன. 30 கி.மீ. பலகை வைக்கச் சொல்லி நகராட்சியில் மனு கொடுத்தோம். "அது எங்கள் கையில் இல்லை" என்றார்கள். அப்படியானால் யார் கையில் இருக்கிறது?

பதில்: அவர்கள் சொன்னது பாதி உண்மை.

வேக வரம்பு மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 112ஆவது பிரிவில் வருகிறது. எந்த வகை வண்டி அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்ற மேல் எல்லையை மத்திய அரசு வகுக்கிறது. அதற்குக் கீழே ஒரு ஊருக்கோ ஒரு தெருவுக்கோ தனியாகக் குறைப்பது மாநில அரசின் வேலை, அல்லது அது அதிகாரம் கொடுத்த அதிகாரியின் வேலை. அரசிதழில் அறிவிக்க வேண்டும், சாலையில் பலகையும் நட வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அந்த எண்ணுக்குச் சட்ட பலம். கவுன்சிலர் தன் செலவில் வைக்கும் 'மெதுவாகச் செல்லவும்' பலகை நல்ல எண்ணம்தான். ஆனால் அதைக் காட்டி வேக மீறல் வழக்குப் போட முடியாது.

சென்னையில் 2023 நவம்பரில் புதிய வரம்புகளை அறிவித்ததும் மாநகராட்சி அல்ல, போக்குவரத்துக் காவல்துறை. கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30. உங்கள் மனுவில் இந்த 30ஐ அவசியம் குறிப்பிடுங்கள்.

ஏன் 30 என்று கேட்பார்கள். குறுக்கே ஓடும் குழந்தையைப் பார்த்து பிரேக்கில் கை வைக்க ஓட்டுபவருக்கு ஒரு விநாடி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 8 மீட்டர் ஓடிவிடும், 50 என்றால் 14 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகும் தெருவுக்கு 30தான் சரி என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

சரி, நகராட்சி சொல்லாத மீதிப் பாதி என்ன? அது நகராட்சித் தெருவாக இருந்தால் தெருவின் அமைப்பு முழுக்க அவர்கள் பொறுப்பு. (நெடுஞ்சாலைத் துறையின் சாலையாகவும் இருக்கலாம், முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.) அகலமான, நேரான தார்ச் சாலையில் 30 என்று எழுதி வைத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். வேகத்தடை, பள்ளி வாசலில் கோடு, ஓரத்தில் நடைபாதை இவையெல்லாம் சேர்ந்துதான் கையை ஆக்சிலரேட்டரிலிருந்து தளர்த்தும்.

வேகத்தடை என்றதும் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய சிமென்ட் மேட்டை நினைக்காதீர்கள். அதில் பைக்கின் அடிப்பாகம் உரசும், ஆட்டோவில் வரும் கர்ப்பிணி தூக்கிப் போடப்படுவார், விளக்கில்லாத இரவில் ஸ்கூட்டரே கவிழும். சாலைகளுக்குத் தர அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு வேறு. வண்டி போகும் திசையில் நீளம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் வெறும் 10 செ.மீ. ஏறி இறங்குவதே தெரியாமல் 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம், 50ல் வந்தால்தான் குலுக்கும். மேலே வர்ணமும், முன்னால் எச்சரிக்கைப் பலகையும் கட்டாயம்.

மனுவோடு கணக்கும் கொடுங்கள், வெறும் புகாரை விட அது பேசும். தெருவோரத்தில் டேப் பிடித்து 50 மீட்டர் அளந்து இரு முனையிலும் சாக்பீஸில் கோடு போடுங்கள். ஒருவர் முதல் கோட்டருகே நின்று வண்டி கடக்கும்போது கையை இறக்கட்டும், இன்னொருவர் அடுத்த கோட்டருகே செல்போன் ஸ்டாப்வாட்சுடன் நிற்கட்டும். 180ஐ விநாடியால் வகுத்தால் வேகம் வரும். 6 விநாடி என்றால் 30, 3.6 விநாடி என்றால் 50. பள்ளி விடும் நேரத்தில் நூறு வண்டிகளை அளந்து வேகங்களை ஏறுவரிசையில் எழுதுங்கள். அதில் 85ஆவதாக வரும் எண்ணைத்தான் பொறியாளர்கள் முதலில் பார்ப்பார்கள். அந்த வேகத்தை ஒட்டியே வரம்பு வைக்கும் வழக்கமும் உண்டு. நெடுஞ்சாலைக்கு அது பொருந்தலாம். பள்ளித் தெருவில் அதை நான் ஏற்க மாட்டேன். குழந்தை எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்து வைக்க வேண்டிய வரம்பு, வண்டி எப்படிப் பறக்கிறது என்பதைப் பார்த்து அல்ல.

மனுவை மாவட்ட ஆட்சியருக்கே எழுதுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். காவல்துறை, வட்டாரப் போக்குவரத்து அலுவலர், நெடுஞ்சாலைத் துறை எல்லோரும் அந்தக் கூட்டத்தில் உட்காருவார்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நகர்மன்றத் தீர்மானம் ஒன்றை இணைத்தால் இன்னும் நல்லது, அதைக் கேட்டு வாங்குவது உங்கள் கவுன்சிலரின் வேலை.

அப்புறம் ஒன்று. ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காத வேகக் கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை என்று அதே 112ஆவது பிரிவு சொல்கிறது. எனவே பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு மாதச் சோதனையாக 30ஐ வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மாத முடிவில் அதே இரண்டு சாக்பீஸ் கோடுகளுக்கு நடுவில் இன்னொரு நூறு வண்டிகளை அளந்து, இரண்டு பட்டியலையும் சேர்த்துக் குழுவின் முன் வையுங்கள்.